வலது கை நீளமானவன்

கொலை என்றால் எனக்கு உயிர். பாட்காஸ்டில் கேட்பதோடு சரி, தப்பாக நினைக்க வேண்டாம். இருப்பது புனேயில். கராடியில் ஆபீஸ், போபோடியில் வீடு. பஸ்ஸில் போய்ச் சேர்வதற்குள் என் காதில் இரண்டு கொலை முடிந்து மூன்றாவதில் பிணம் கிடைத்திருக்கும். அதிலும் துப்புத் துலங்காத கொலை என்றால் சாப்பாடே வேண்டாம். போலீஸுக்குத் தெரியாதது, கோயம்புத்தூரிலிருந்து வந்து ஸாஃப்ட்வேர் டெஸ்டிங் செய்கிற இந்த வைஷுவுக்குத் தெரிந்துவிடும் என்று ஓர் அசைக்க முடியாத நம்பிக்கை.

அதனால்தான் 'லிஃப்ட் கேட்டவர் கொலை' கண்காட்சியைப் பொதுமக்கள் பார்க்கலாம் என்ற போஸ்டரைப் பார்த்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வீட்டுக்கார மல்லிகாம்மாவையும் இழுத்துக்கொண்டு கிளம்பினேன். நான் மாடியில் குடியிருக்கிறேன், அவர் கீழே. கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்கு வேலூரிலிருந்து வந்த குடும்பம். அவர் பிறந்தது, வளர்ந்தது, சண்டை போட்டது எல்லாம் இங்கேதான்.

"கொல நடந்தத எல்லாமா காசு குடுத்துப் பாப்பாங்க?" என்றார்.

"ஃப்ரீ மல்லிகாம்மா."

"ஃப்ரீயா? இரு, பொடவ மாத்திக்கினு வரேன்."

வழக்கு இதுதான். 1986 டிசம்பரில் ஓர் இளைஞன் மும்பை ரோட்டில் நின்று, போகிற லாரிகளிடம் லிஃப்ட் கேட்டிருக்கிறான். ஒரு லாரி நின்றது. சில நாள் கழித்துக் கண்டாலா மலைச்சரிவில் அவன் உடல் கிடைத்தது, மண்டையில் அடிபட்டு. அவன் யார், அடித்தது யார், எதற்காக, ஒன்றும் தெரியவில்லை. கண்டுபிடிக்க ஒரு சிறப்புப் பிரிவு அமைத்து மூன்று மாத அவகாசம் கொடுத்தார்கள். முடியவில்லை என்றதும் இன்னொரு மூன்று மாதம் கொடுத்தார்கள். அந்தப் பழக்கம் இன்றுவரை நிற்கவில்லை.

இப்போது அந்தச் சிறப்புப் பிரிவுக்கு மூன்று மாடிக் கட்டடம் இருக்கிறது. ரோஜாத் தோட்டம், கிரிக்கெட் டீம், காலையில் நின்று பாட ஒரு பாட்டு, எல்லாம் இருக்கின்றன. வாசலில் பளிங்குப் பலகை: 'நாங்கள் இன்னும் தேடுகிறோம்.' அதற்குக் கீழே பலகையைத் திறந்தவர் பெயர், முன்னிலை வகித்தவர் பெயர், வருவதாகச் சொல்லி வராதவர் பெயர் எல்லாம் பொறித்திருந்தார்கள். கொலையுண்டவர் என்ற இடத்தில் மட்டும் ஒரு கோடு.

நாங்கள் பேசுவதைக் கேட்டு ஒரு போலீஸ் ஹவல்தார் ஓடி வந்தார்.

"தமிழா? அரே வா! வாங்கோ, வாங்கோ. நம்மாளுங்க யாருமே இந்தப் பக்கம் வர்றதில்ல. நான் வெங்கடேஸ்வரன், கட்கிதான். வெங்கட் ஹவல்தார்னு கேட்டா எங்க தெருவுல நாய்கூட வீடு காட்டும்."

முதலில் முற்றத்துக்கு அழைத்துப் போனார். அங்கே செங்கல் மேல் ஒரு பழைய லாரி நின்றது. புது மஞ்சள் பெயின்ட், நெற்றியில் சந்தனம், காய்ந்த சாமந்தி மாலை.

"இதான் குற்றவாளி."

"லாரியா?"

"சந்தேகத்துல பிடிச்சது. நாப்பது வருஷமா காவல்ல இருக்குது, ஒருதடவ ஜாமீன் கேட்டதில்ல. நல்ல குணம். தசராவுக்குப் பூஜ போட்டு, பூசணிக்கா ஒடச்சோம்."

"டிரைவர் என்ன ஆனாருங்கண்ணா?"

"தொண்ணூத்தெட்டுல செத்துப்போனான். நாங்க சம்மன் அனுப்பிக்கினேதான் இருக்கோம். ஒரு தடவ வரணுமே? ரொம்பத் திமிரு."

இரண்டாம் மாடியில் ஆள் உயரச் சிலை. நல்ல வாலிபன். அவனுடைய வலது கை மட்டும் இடது கையைவிட ஒரு ஜாண் நீளமாக ரோட்டை நோக்கி நீண்டு, கட்டைவிரலைத் தூக்கியிருந்தது. பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு காப்பிக்கொட்டை நிற ஸ்வெட்டர். அதன் வலது கையும் ஒரு ஜாண் நீளம்.

"பொணத்து மேல இருந்த ஸ்வெட்டர் இது," என்றார் ஹவல்தார் பக்தியாக. "இதப் பாத்ததுமே எக்ஸ்பர்ட் சொல்லிட்டாரு, செத்தவனுக்கு வலது கை நீளம்னு. மகாராஷ்டிரா, கர்நாடகா, குஜராத், எல்லா எடத்துக்கும் நோட்டீஸ் போச்சு. வலது கை நீளமானவன் காணாம போயிருந்தா சொல்லுங்கோன்னு. ஒருத்தன் வாயத் தொறக்கல. ஜனங்களுக்குப் பொறுப்பே கிடையாதும்மா."

"கை எப்படி நீளமாச்சாம்?"

"லிஃப்ட் கேட்டுக் கேட்டு நீண்டுபோச்சுன்னு ஒருத்தர் டாக்டரேட் வாங்குனாரு. கை நீளமா இருந்ததாலதான் லிஃப்ட் கேட்டாருன்னு இன்னொருத்தர் வாங்குனாரு. ரெண்டு பேருக்கும் இப்ப பேச்சுவார்த்தை இல்ல."

"கை எலும்ப அளந்து பாத்தீங்களாண்ணா?"

"அளக்காம இருப்போமா? ரெண்டும் சமம்." குரலைத் தாழ்த்தினார். "அதான் மர்மமே."

நான் சிரித்தேன். மல்லிகாம்மா சிரிக்கவில்லை. கண்ணாடியில் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து நின்றார்.

"வைஷு. இத நான் பின்னுனேன்."

"என்னது?"

"ஸ்கூல்ல தையல் டீச்சர் சொல்லிக் குடுத்தாங்க. எனக்குப் பதினேழு வயசு. ரேடியோ கேட்டுக்கினே பின்னுனதுல ஒரு கை நீண்டுபோச்சு. பிரிக்கலாம்னா விடல எங்கண்ணன். 'போடி, மடிச்சு விட்டுக்கறேன்'னு எடுத்துப் போட்டுக்கினான். அதோட போனவன்தான். பம்பாயில வேல இருக்குது, லாரி புடிச்சுப் போயிட்டு ரெண்டு நாள்ல வரேன்னு."

நான் கழுத்தில் தொங்கிய இயர்போனைச் சுருட்டிப் பைக்குள் போட்டேன்.

"எங்கப்பா இங்க வந்தாரு," என்றார் மல்லிகாம்மா. "பொணம் கெடச்சிருக்குன்னு பேப்பர்ல பாத்துட்டு. அப்ப ஒரே ஒரு ரூம்தான் இருந்துச்சாம். உம் பையனுக்கு வலது கை நீளமான்னு கேட்டாங்களாம். இல்லீங்க, எம் பையனுக்கு ரெண்டு கையும் சரியா இருக்கும்னாராம். அப்ப இது உன் பையன் இல்ல, போன்னு அனுப்பிட்டாங்க. வரும்போது பேடா வாங்கினு வந்தாரு. தெரு பூரா குடுத்தாரு. எம் புள்ள இல்ல, எம் புள்ள இல்லன்னு. சாவற வரைக்கும் அவனுக்கு ஒரு தட்டு போட்டு வெச்சாரு."

ஹவல்தார் வெங்கடேஸ்வரன் தொப்பியைக் கழற்றினார். பிறகு என்ன நினைத்தாரோ, சட்டென்று மாட்டிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார்.

"அக்கா, மெதுவாப் பேசுங்கோ. இது ரொம்பப் பெரிய விஷயம். யார் காதுலயாவது விழுந்தா கேஸு முடிஞ்சிடும்."

"முடியட்டும். எனக்கு அவன் எலும்பு வேணும். பேர் சொல்லி ஆத்துல விடணும். அவ்ளோதான்."

அவ்வளவுதான் கேட்டார். அது அவ்வளவு இல்லை என்று சிறப்பு அதிகாரி ராகவேந்திரா சாஹேபின் அறையில் தெரிந்தது. அங்கே மராத்தியில் நடந்த பேச்சையெல்லாம் நம் வசதிக்காகத் தமிழிலேயே தருகிறேன்.

சாஹேப் எழுந்து நின்று வரவேற்றார். அவருக்குப் பின்னால் அலமாரி நிறைய கோப்பைகள், எல்லாம் நீண்டநாள் நிலுவைக்காக வாங்கியவை. டீ வரவழைத்தார். மல்லிகாம்மா விஷயத்தைச் சொல்லி முடித்ததும் உட்கார்ந்து, எங்களுக்கு வந்த டீயை அவரே குடித்தார்.

"அம்மா, நீங்க நல்ல மனசோட வந்திருக்கீங்க. ஆனா யோசிங்க. நாங்க யாரு? அடையாளம் தெரியாதவரோட கொலைய விசாரிக்கிறவங்க. அடையாளம் தெரிஞ்சுட்டா அது எங்க கேஸே இல்ல. அப்ப நாப்பது வருஷமா நாங்க எங்களுக்குச் சம்பந்தமில்லாத கேஸ விசாரிச்சோம்னு ஆகிடும். அந்த அவமானத்த உங்க அண்ணனுக்குத் தேடித் தரப்போறீங்களா?"

"அவனுக்கு என்னாங்க அவமானம்?"

"மத்த எடத்துல கேஸ முடிச்சா பதக்கம். முடிக்கறது யாராலயும் முடியும். நாப்பது வருஷம் ஒரு கேஸக் கெடாம வெச்சிருக்கறது? ஊறுகாய்கூட நிக்காது. அறுபது குடும்பம் இந்தக் கொலையில சோறு திங்குது. உசுரோட இருந்திருந்தா உங்க அண்ணன் எத்தன பேருக்குச் சோறு போட்டிருப்பாரு? நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க."

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "சார், ஒரு டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்தாப் போதுமே!"

சாஹேப் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "எடுத்தா தெரிஞ்சிடுமேம்மா."

"நான் அவன் தங்கச்சிங்க," என்றார் மல்லிகாம்மா.

"அங்கதான் சிக்கல். தங்கச்சி போஸ்ட் நிரம்பிடுச்சு."

எங்களுக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். இருபத்தைந்து வருஷத்துக்கு முன் ஆண்டு விழாவுக்கு ஒரு பெரிய மனிதர் வந்தார். இறந்தவரின் குடும்பத்துக்குத் தன் கையால் சால்வை போட்டுத் தேங்காய் கொடுக்க வேண்டும் என்றார். புனேயில் சால்வையும் தேங்காயும் கையில் எடுத்தவர் யாருக்காவது கொடுக்காமல் கீழே வைக்கமாட்டார். குடும்பத்துக்கு எங்கே போவது? தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த சுலபா என்ற வேலைக்காரப் பெண்ணை மேடையில் ஏற்றினார்கள். நன்றாக அழுதாள். அடுத்த வருஷமும் ஏற்றினார்கள். அதற்கடுத்த வருஷம் 'இறந்தவரின் தங்கை' என்று நிரந்தரப் பணியிடமே உருவாக்கிவிட்டார்கள்.

"ஒரு பொணத்துக்கு ஒரு தங்கச்சிதான் சாங்ஷன்," என்றார் சாஹேப். "மனைவி போஸ்ட் காலியா இருக்கு. ஆனா முப்பத்தஞ்சு வயசுக்குள்ள இருக்கணும்."

"த்தூ! என்னா பேச்சு பேசற நீ?" இதை மல்லிகாம்மா தமிழில் சொன்னார். ஹவல்தார் அதை "நன்றி தெரிவிக்கிறாங்க" என்று மொழிபெயர்த்தார்.

நான் கத்தினேன், பத்திரிகைக்குப் போவேன் என்றேன். கடைசியில் சாஹேப் இறங்கிவந்து, உறவு ஆய்வுக் குழுவின் முன் வர அனுமதித்தார். மறுவாரம் போனோம். மூன்று பேர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் இஞ்ச் டேப்பை எடுத்து மல்லிகாம்மாவின் வலது கையை அளந்தார், இடது கையை அளந்தார், மறுபடி வலது கையை அளந்தார்.

"சமம். இறந்தவரோட ரத்த சம்பந்தம் இல்லை."

மல்லிகாம்மா பையிலிருந்து ஒரு பழைய போட்டோவை எடுத்து வைத்தார். அதே ஸ்வெட்டர், உள்ளே சிரிக்கிற ஒருவன், வலது மணிக்கட்டில் தடியாக மடித்துவிட்ட கை. மூன்று பேரும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள்.

"இதுல ரெண்டு கையும் சமமா இருக்கே? எங்க ஆளுக்கு நீளம். இவர் வேற யாரோ."

"மடிச்சிருக்காருங்க, மடிச்சிருக்காரு!" என்றேன்.

"கைய எப்படிம்மா மடிக்க முடியும்? எலும்பு இருக்குல்ல?"

கடைசியாக அழுகைப் பரீட்சை. சுலபாவை அழைத்தார்கள். ஐம்பது வயதிருக்கும், நூல்புடவை, கையில் துடைப்பம். தலைவர் விரலைச் சொடுக்கியதும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அழுதாள். கண்ணீர் நிஜமாகவே கொட்டியது. குழு தலையாட்டிக் குறித்துக்கொண்டது. பிறகு மல்லிகாம்மாவின் பக்கம் திரும்பி விரலைச் சொடுக்கியது.

மல்லிகாம்மா அவர்களையே பார்த்தார். "நாப்பது வருஷம் அழுதாச்சு. இங்க வந்து மார்க்குக்கு வேற அழணுமா?"

"பூஜ்யம்," என்றார் தலைவர். "துக்கத்தில் அனுபவம் போதாது."

வெளியே மரத்தடி பெஞ்சில் வந்து உட்கார்ந்தோம். கேட்பதற்கு எவ்வளவு நன்றாக இருக்கும் இந்தக் கதையெல்லாம், காதில் மாட்டிக்கொண்டு, ஜன்னலோரமாக. மல்லிகாம்மா போட்டோவை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போது சுலபா துடைப்பத்தோடு வந்து எதிரே நின்றாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். இருபத்தைந்து வருஷ வேலை அல்லவா?

"தாயி," என்றாள். இங்கே அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "ஒண்ணு கேக்கணும். ஒவ்வொரு வருஷமும் அவரோட எலும்பு இருக்கற பெட்டிக்கு முன்னாடி பூரண்போளி வெக்கறேன். அவருக்குப் பிடிக்குமா?"

மல்லிகாம்மா நிமிர்ந்தார். "யாருக்கு, எங்கண்ணனுக்கா? இனிப்பே தொட மாட்டான். மொளகா பஜ்ஜிக்குத்தான் உசுரக் குடுப்பான்."

சுலபா வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ, இருபத்தஞ்சு வருஷமா பட்டினி போட்டுட்டேனே!"

மல்லிகாம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அது எங்கே சிரிப்பாக இருந்து எங்கே அழுகையாக மாறியது என்று என்னால் சொல்ல முடியவில்லை. குழு இதைப் பார்த்திருந்தால் முழு மார்க் போட்டிருக்கும். சுலபா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"மொத வருஷம் அழச் சொன்னப்ப எங்கப்பாவ நெனச்சு அழுதேன். ரெண்டாவது வருஷம் சம்பளத்த நெனச்சு. அப்பறம் எப்பன்னு தெரியல தாயி, அவர நெனச்சே வர ஆரம்பிச்சுடுச்சு. ராக்கி பவுர்ணமிக்குப் பெட்டியில கயிறுகூடக் கட்டறேன். பேர் தெரியாம என்னன்னு கட்டறது? பேர் என்ன?"

மல்லிகாம்மா அவள் காதில் சொன்னார்.

சுலபா அதை இரண்டு முறை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு எழுந்து துடைப்பத்தை எடுத்தாள். "ஆண்டு விழாவுக்கு வாங்க. பெட்டிய என் கையிலதான் குடுப்பாங்க."

நாற்பதாம் ஆண்டு விழா பந்தல் போட்டு, மேளம் வைத்து நடந்தது. முதலில் சால்வையும் தேங்காயும். தலைமை விருந்தினருக்குச் சாஹேப் போட்டார், சாஹேபுக்குத் தலைமை விருந்தினர் போட்டார், இரண்டு டாக்டரேட்டுகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போட்டுக்கொண்டார்கள், பந்தல்காரருக்குப் போட்டார்கள், கடைசியில் முற்றத்துக்குப் போய் லாரிக்கும் போட்டுவிட்டு வந்தார்கள்.

பிறகு சாஹேப் பேசினார்.

"சகோதர சகோதரிகளே! நாப்பது வருஷத்துக்கு முன்னாடி இந்த ரோட்டுல ஒரு மனுஷன் கைய நீட்டினான். அவன் எங்க போகணும்னு ஆசப்பட்டானோ தெரியாது. ஆனா நாங்க எங்கெங்கயோ போய்ச் சேந்துட்டோம். ஒரு ரூம்லேர்ந்து மூணு மாடிக்குப் போயிருக்கோம். சிலபேர் கேக்கறாங்க, கொலகாரன் யாருன்னு. நான் கேக்கறேன், கொலகாரன் கெடச்சா இந்த விழா நடக்குமா? சிலபேர் கேக்கறாங்க, செத்தவன் யாருன்னு. நான் சொல்றேன், அவன் நம்ம எல்லாருக்கும் சொந்தம். ஒரு வீட்டுக்குத் தூக்கிக் குடுத்துட்டா அந்த வீட்டுப் பிள்ளையாத்தானே ஆகிடுவான்? விடமாட்டோம்! நூறாவது ஆண்டு விழாவும் இதே எடத்துல நடக்கும்!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மல்லிகாம்மா என் கையைப் பிடித்திருந்தார், நகம் பதிகிற அளவுக்கு.

ஒரு தகரப் பெட்டி மேடைக்கு வந்தது. தலைமை விருந்தினர் அதைச் சுலபாவின் கையில் கொடுத்தார். போட்டோ எடுத்தார்கள். அவள் அழுதாள். வழக்கப்படி அஞ்சலி முடிந்ததும் பெட்டியைத் திரும்ப வாங்கி அறையில் பூட்டிவிடுவார்கள்.

அஞ்சலிக்கும் ஒரு வழக்கம் இருந்தது. முதல் வருஷம் ஒரு நிமிஷ மௌனம். வருஷத்துக்கு ஒரு நிமிஷம் கூட்டுவது மரபு. ஆகவே இந்த முறை நாற்பது நிமிஷம். கண்ணை மூடி, தலையைக் குனிந்து, ஆடாமல் நிற்க வேண்டும். கண்ணைத் திறப்பவருக்கு மெமோ. சாஹேப் இரண்டாவது விசில் ஊதினால்தான் முடிவு. போன வருஷம் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள், அவர்களுக்கு வீரப் பதக்கம் கிடைத்தது.

முதல் விசில் ஒலித்தது. பந்தலே கண்ணை மூடியது.

சுலபா அழுகையை நிறுத்திவிட்டு மூக்கைத் துடைத்தாள். பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டாள், தண்ணீர்க் குடம் எடுத்துப் போகிற மாதிரி. மேடைப் படியில் இறங்கி, குனிந்த தலைகளுக்கு நடுவே நடந்து வந்தாள். மல்லிகாம்மா அவளோடு சேர்ந்துகொண்டார். நானும் சேர்ந்தேன். என் செருப்பு சரசரக்கிற சத்தத்துக்கே யாராவது கண்ணைத் திறந்துவிடுவார்கள் என்று பயமாக இருந்தது. யாரும் திறக்கவில்லை. ஒழுக்கமான இலாகா.

கேட் பூட்டாமல் சாத்தியிருந்தது. அதைத் தள்ளினால் கிரீச்சென்று ஊரைக் கூட்டும். கேட்டருகே ஹவல்தார் வெங்கடேஸ்வரன் கண்ணை இறுக மூடி நின்றுகொண்டிருந்தார். நாங்கள் அவர் எதிரே நின்றோம். அவர் கண்ணைத் திறக்கவே இல்லை. கையை மட்டும் பின்னால் விட்டு, கேட்டை லேசாகத் தூக்கிப் பிடித்து, சத்தமில்லாமல் இழுத்தார்.

வெளியே ஆட்டோக்காரர் போபோடிப் பாலத்துக்கு இருநூறு கேட்டார். உள்ளே மௌனம் பாதிகூட ஆகவில்லை என்பதால் பேரம் பேசி நூற்றிருபதுக்கு முடித்தோம்.

பாலத்துக்குக் கீழே முளா ஆறு ஆகாயத்தாமரையைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. ஓரமாகக் கொஞ்சம் தண்ணீர் தெரிந்த இடத்தில் இறங்கினோம். பெட்டிக்குள் துணி மூட்டை. அரக்கு முத்திரையைச் சுலபா கல்லால் உடைத்தாள். மல்லிகாம்மா ஒவ்வொன்றாக எடுத்தார். நீளமான இரண்டு கை எலும்புகளை எடுத்ததும் நின்றார். இரண்டையும் ஒன்றோடு ஒன்று ஒட்டிவைத்துப் பார்த்தார்.

"அப்பா சரியாத்தான் சொல்லியிருக்காரு," என்றார்.

சுலபா புடவை மடிப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். மிளகாய் பஜ்ஜி, இடுப்புச் சூட்டில் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. மல்லிகாம்மா தண்ணீரில் நின்றுகொண்டு அண்ணனைப் பேர் சொல்லி விட்டார். முழுப்பெயரும், அப்பா பெயரும், ஊரும், குலதெய்வமும் சொல்லி. போபோடியில் இருந்த இரண்டு எருமைகளைத் தவிர வேறு யாரும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் சுலபா வீட்டுக்குப் போகவில்லை. மல்லிகாம்மா விடவில்லை. மறுநாள் காலை மூன்று பேரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் பைக் சத்தம். ஹவல்தார் வெங்கடேஸ்வரன் மாடிப்படியேறி என் அறைக்கே வந்துவிட்டார், கையில் ஒரு பெரிய போட்டோவோடு. ரோட்டு சி.சி.டி.வி. கேமராவில் பதிந்தது. நடுவில் பெட்டியோடு சுலபா, ஒரு பக்கம் மல்லிகாம்மா, இன்னொரு பக்கம் பல்லைக் காட்டிக்கொண்டு நான். அவ்வளவு தெளிவாக என் பாஸ்போர்ட்டில்கூட நான் இல்லை.

"விசாரணைக்கு வந்திருக்கேன். இந்த மூணு பேர எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

நாங்கள் மூன்று பேரும் போட்டோவைப் பார்த்தோம். சுலபா ஒரு டம்ளர் காப்பியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இல்லீங்களே," என்றேன்.

"அச்சா. அடையாளம் தெரியல." பெருமூச்சு விட்டு உட்கார்ந்து காப்பியைக் குடித்தார். "சாஹேபுக்கு ஒரே சந்தோஷம். எலும்பு திருட்டு, அடையாளம் தெரியாத மூணு பெண்கள்னு புது கேஸ். எதிர்ல காலி மனையில இன்னொரு பில்டிங்கு வருது. மூணு மாசம் டைம் குடுத்திருக்காங்க."

"அட, சுலபாவயா உங்களுக்குத் தெரியாது? இருபத்தஞ்சு வருஷமா..." என்றேன்.

"பேர் சொல்லாதீங்கோ!" டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் காதைப் பொத்தினார். "நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. இவங்க யாருன்னு தெரியாது. அப்படியே இருக்கட்டும் பாப்பா."

மல்லிகாம்மா அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். "தம்பி, கேட்டத் தொறந்து விட்டியே, நல்லாருப்பே. எங்க ஊர்க்காரன் நீ. எங்கண்ணன் பேராவது கேட்டுக்கினு போ. அவன் பேரு..."

ஹவல்தார் துள்ளி எழுந்தார். "வேணாம்க்கா! காதுல விழுந்தா எழுதணும், எழுதுனா கேஸு முடிஞ்சிடும்! எனக்கு இன்னும் பதினோரு வருஷம் சர்வீஸ் இருக்குது, ரெண்டு பொண்ணு இருக்குது!" இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, தோளால் கதவைத் தள்ளி, படியில் தடதடவென்று இறங்கினார்.

மல்லிகாம்மா பால்கனிக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவர் இவ்வளவு சத்தம் போட்டு நான் கேட்டதில்லை.

"பாலசுப்ரமணியன்!"

கீழே காய் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"வேலூர் துரைசாமி மவன் பாலசுப்ரமணியன்! பாலு! பாலுண்ணா!"

சுலபாவும் பக்கத்தில் போய் நின்றுகொண்டு "பாலு!" என்றாள். அவள் வாயில் அது கொஞ்சம் மராத்தியாக வந்தது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்து, யாரைத் தேடுகிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். தேடவில்லை, கிடைத்துவிட்டான் என்றார் மல்லிகாம்மா. சொல்லிவிட்டு மறுபடியும் கூப்பிட்டார்.

ஹவல்தார் பைக் பக்கத்தில் நின்றார், காதைப் பொத்தியபடி. பைக்கை எடுக்க இரண்டு கையும் வேண்டும். காதுக்கும் இரண்டு கை வேண்டும். இடது முழங்கையால் ஹேண்டிலைப் பிடித்துப் பார்த்தார், சரிப்படவில்லை. முழங்காலால் ஸ்டாண்டைத் தள்ளிப் பார்த்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. மேலே பெயர் நிற்கவில்லை, திரும்பத் திரும்ப வந்துகொண்டேயிருந்தது.

அவர் மேலே பார்த்தார். பிறகு ஒரு காதிலிருந்து கையை எடுத்தார்.